இருவர், இரண்டு முதுகுப்பை, நான்கு நாள்: சிங்கப்பூர் கேள்வி பதில்

தமிழ்நாடு, இலங்கை, மலேசியாவிலிருந்து முதுகுப்பையோடு சிங்கப்பூர் வரும் இணையர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இங்கே தமிழர் வாயில் டாலர் என்பது ‘வெள்ளி’, சென்ட் என்பது ‘காசு’. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தில், கடைக்காரர் அப்படித்தான் சொல்வார், அதனால் இங்கும் அப்படியே எழுதியிருக்கிறோம். நுழைவுக் கட்டணங்கள் அவ்வப்போது ஏறும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு. மூன்று நாளிலும் பார்த்துவிடலாம், ஆனால் உச்சி வெயிலிலும் நடக்க வேண்டி வரும். அதுதான் பிரச்சினையே.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வருடம் முழுவதும் காலை 7 மணியை ஒட்டி விடிந்து, மாலை 7 மணியை ஒட்டி இருட்டும். பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி. சென்னைக்காரருக்கு இது சாதாரண எண்ணாகத் தெரியும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உடம்பு தணியாது. இரண்டு மணி நேர நடையிலேயே தலைவலி வந்துவிடும்.

ஆகவே ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 10.30 வரை வெளியே. அதன் பிறகு மாலை 5 வரை அருங்காட்சியகம், கோயில், சாப்பாடு, இல்லையென்றால் அறையில் தூக்கம். 5 முதல் இரவு 10 வரை மறுபடி வெளியே. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், மூன்றாவது வேண்டாம். இந்த ஊரை ரசித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் களைத்துப் போகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தில் இல்லை, இந்த நேரப் பிரிப்பில்தான் இருக்கிறது.

வருமுன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக முன்பே விசா எடுக்க வேண்டும்.

விசா தனி, ‘எஸ்ஜி வருகை அட்டை’ தனி. இந்த அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். கட்டணம் கிடையாது. தேடும்போது முதலில் வரும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும். அங்கே கட்டாமல் குடிநுழைவு ஆணையத்தின் தளத்துக்கோ அதன் செயலிக்கோ போங்கள். இருவர் விவரத்தையும் ஒரே தடவையில் குழுவாகச் சேர்த்து அனுப்பலாம்.

பையில் இருக்கக் கூடாதவை: சூயிங் கம், மின்சிகரெட், மெல்லும் புகையிலை. ஹான்ஸ், குட்கா எல்லாம் இதில் அடங்கும். சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை, முதல் சிகரெட்டிலிருந்தே வரி கட்ட வேண்டும். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளுக்கு முன்அனுமதி தேவைப்படும். மருத்துவர் சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

இங்கே சுவரில் இருப்பது சதுர முனை கொண்ட மூன்று துளைப் பிளக். இந்தியாவின் உருண்டை முனை நேராகப் பொருந்தாது. ஒரு மாற்றியும் கூடவே ஒரு பல்முனை யுஎஸ்பி சார்ஜரும் இருந்தால் இருவர் கைபேசிக்கும் போதும்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

பெருவிரைவு ரயிலில். எல்லாரும் எம்ஆர்டி என்றுதான் சொல்வார்கள். நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது.

தேக்கா பக்கம் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து முதல் நிறுத்தமான எக்ஸ்போவில் டௌன்டவுன் பாதைக்கு மாறச் சொல்லி வரைபடச் செயலி காட்டும். நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் பாதை ஜாலான் புசாரைத் தாண்டியதும் சைனாடவுன், மரினா பக்கமெல்லாம் ஒரு பெரிய வளையம் சுற்றி, அதன் பிறகே ரோச்சோருக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் வந்து சேரும். ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பத்து நிறுத்தம் வீணாகச் சுற்றுவீர்கள். டன்லப் ஸ்திரீட், திக்சன் ரோடு பக்கத்து விடுதிகளுக்கு ஜாலான் புசாரிலேயே இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். இன்னொரு வழியும் உண்டு: தானா மேராவில் மாறி, கிழக்கு-மேற்குப் பாதையில் பூகிஸ் வந்து, அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் இரண்டு நிறுத்தம்.

இரவு 11 மணிக்கு மேல் இறங்கினால் ரயிலை நம்ப வேண்டாம். பாதி வழியில் இணைப்பு ரயில் நின்றிருக்கும். டாக்சிக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக ஏறும். அந்த நேரத்தில் செயலி வண்டியின் விலையையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

எந்தப் பகுதியில் தங்குவது?

தேக்கா, ஜாலான் புசார், கம்போங் கிளாம், சைனாடவுன். இந்த நான்கில் எதுவானாலும் சரி, எல்லாமே ரயிலுக்கு நடை தூரம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தேக்கா வசதி. ஞாயிறு மாலை தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்கள் விடுமுறைக்குக் கூடுவார்கள், அஞ்சடிகளில் (கடைகளின் முகப்பில் கூரையோடு இருக்கும் நடைபாதைகள்) நடக்கவே இடமிருக்காது. அந்தக் கூட்டமும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பெரிய பையோடு அந்த நேரத்தில் வந்திறங்காதீர்கள்.

இணையர்களுக்கு மூன்று வகை இடம் கிடைக்கும்: பொதுக்கூடத்தில் இரண்டு படுக்கை, இருவர் படுக்கும் அகலப் பெட்டிப் படுக்கை, தனியறை. பதிவு செய்யுமுன் தனியறை விலையைப் பொதுக்கூடத்து இரண்டு படுக்கைகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். பல நாள்களில் வித்தியாசம் சொற்பம்தான். விலை மலிவான தனியறைகளில் சன்னலே இருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள். எஃப்-1 கார்ப்பந்தய வாரத்தில் ஊர் முழுக்க அறை விலை பல மடங்கு ஏறும்.

யாராவது தனியார் அடுக்குமாடியிலோ வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டிலோ இரண்டு இரவுக்கு அறை தருகிறேன் என்றால் வேண்டாம். தனியார் குடியிருப்பில் மூன்று மாதத்துக்கும், வீவக வீட்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

பயண அட்டை எது வாங்குவது? ஒரே அட்டையில் இருவரும் போகலாமா?

முடியாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டித்தான் தூரக் கணக்கு ஓடுகிறது, ஓர் அட்டை ஒரு பயணியைத்தான் அறியும்.

ஊரில் எடுத்த தொடாப்பண வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேராகக் கதவில் தட்டலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயணம் செய்த ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். உங்கள் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதற்கு மேல். ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறவர்கள் ஈசி-லிங்க் அட்டை வாங்குவது நல்லது. 10 வெள்ளி கொடுத்தால் அதில் 5 வெள்ளி பயணத்துக்கு, மீதி 5 அட்டையின் விலை, அது திரும்பி வராது.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, காலையில் அட்டையைத் தட்டி ஏறிவிட்டு இறங்கும்போது கைபேசியைத் தட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு அட்டை, பயணம் முடியாததாகக் கணக்கிட்டு அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். இரண்டு, பேருந்தில் இறங்கும்போது தட்ட மறப்பது. அதற்கும் அதே கதிதான். மூன்று, பணப்பையை அப்படியே இயந்திரத்தில் வைப்பது. உள்ளே இரண்டு அட்டை இருந்தால் எது பிடிபடும் என்று சொல்ல முடியாது. தட்டும் அட்டையை வெளியே எடுத்துத் தனியாகப் பிடியுங்கள்.

ரயிலிலிருந்து பேருந்துக்கோ பேருந்திலிருந்து ரயிலுக்கோ 45 நிமிடத்துக்குள் மாறினால் அது ஒரே பயணமாகக் கணக்காகும். ஆனால் ஒரு நிலையத்தில் வெளியேறி அதே நிலையத்துக்குள் மறுபடி நுழைந்தால் புதுப் பயணம். பேருந்து வரும்போது கையை நீட்டுங்கள், இல்லையென்றால் நிற்காமல் போய்விடலாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கான வரம்பில்லா அட்டை லாபமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் வெள்ளி முதல் இரண்டரை வெள்ளி வரை. நாளுக்கு நான்கைந்து முறை ஏறினாலும் பெரும்பாலும் எட்டு, பத்து வெள்ளிக்குள் முடியும்; வரம்பில்லா அட்டையின் ஒரு நாள் விலை அதைவிட அதிகம்.

மரினா பே பக்கம் ஒரே மாலையில் எல்லாம் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் ஒரு காசு செலவில்லாமல். வரிசை மாறினால்தான் அங்குமிங்கும் ஓட வேண்டி வரும்.

5.45க்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி ஆற்றோரமாக மெர்லயனுக்கு நடங்கள். சிங்கத்தலை மீன் சிலை, 8.6 மீட்டர் உயரம். அந்த நேரத்தில் வெயில் சாய்ந்திருக்கும். அங்கிருந்து ஜூபிலி பாலம் வழியாக எஸ்பிளனேட். முள்நாறிப் பழம் (டுரியான்) போல இருக்கும் அந்தக் கட்டடத்தின் மாடித் தோட்டத்துக்கு இலவசமாக ஏறலாம். இறங்கி நீரோரமாகவே போனால் ஹீலிக்ஸ் பாலம். 6.50 வாக்கில் பாலத்தின் நடுவே வட்டமாக வெளியே நீளும் மேடைகளில் ஒன்றில் நில்லுங்கள். உயர்ந்த வங்கிக் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்க, சன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்த வரிசை.

7.15க்கு மரினா பே சேண்ட்ஸுக்குள் நுழைந்து, ஹோட்டலைக் கடக்கும் மேல்நடைபாதை வழியாகக் கரையோரப் பூந்தோட்டத்துக்கு (கார்டன்ஸ் பை த பே) போய்விடுங்கள். அங்கே மரம்போல் கட்டிய பெருமரங்களின் ஒளி-ஒலிக் காட்சி தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும். பலர் பாலத்தில் நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மரங்களுக்கு அடியிலேயே போங்கள். மரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம், நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். தலைக்கு மேலே ஊதா, பச்சை, பொன்னிறம் என்று கிளைக்குக் கிளை தாவும், இசை நாலாப்பக்கமும் சூழும்.

8 மணிக்குக் காட்சி முடியும். மெதுவாக நடந்து சேண்ட்ஸின் நீர்முகப்புக்கு வந்தால் 9 மணிக்கு ஸ்பெக்ட்ரா நீரூற்றுக் காட்சி. 8 மணிக்கும் ஒன்று உண்டு, வெள்ளி, சனி இரவுகளில் 10 மணிக்கும் உண்டு. காற்று நீரைக் கரைப்பக்கம் தள்ளும். முதல் படியில் உட்கார்ந்தால் நனைவீர்கள், கேமரா வைத்திருப்பவர் இரண்டு வரிசை பின்னால் போகட்டும். முடிந்ததும் பேஃபிரண்ட் நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோர் மூன்றாவது நிறுத்தம், லிட்டில் இந்தியா நான்காவது. இந்த முறை அந்த வளையம் உங்களுக்குச் சாதகம்.

காசு கொடுத்துப் பார்ப்பதில் ஒன்றே ஒன்று என்றால் எது?

மேகக் காடு (கிளவுட் ஃபாரஸ்ட்). பூந்தோட்டத்துக்குள் இருக்கும் இரண்டு கண்ணாடிக் கூடங்களில் ஒன்று. உள்ளே 35 மீட்டர் அருவி, குளிர்ந்த மலைக்காட்டுச் செடிகள். பிற்பகல் 1 மணிக்குப் போங்கள், வெளியே கொதிக்கும்போது உள்ளே ஊட்டி போலிருக்கும். மெல்லிய மேலாடை ஒன்று வேண்டும். மின்தூக்கியில் உச்சிக்குப் போய் நடைபாலங்கள் வழியாகக் கீழே இறங்கும்படி வழி வைத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் போக முயலாதீர்கள்.

விலங்கு பிடித்தவர்களுக்கு மண்டாய் விலங்குத் தோட்டம் இதைவிடப் பெரிய அனுபவம். ஆனால் அது ஒரு முழுநாளையும் இருவருக்கு ஏறத்தாழ நூறு வெள்ளியையும் எடுத்துக்கொள்ளும்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் சேண்ட்ஸ் உச்சிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அங்குள்ள நீச்சல்குளம் ஹோட்டல் விருந்தினருக்கு மட்டும். சைனாடவுன் அருகே பினக்கிள் டக்ஸ்டன் வீவக அடுக்குமாடியின் 50ஆம் மாடி வான்பாலத்துக்குச் சில வெள்ளிதான் கட்டணம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுவார்கள், அதனால் நேரத்தோடு போங்கள். மேலே போனால் கப்பல் துறைமுகமும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் ஒரே பார்வையில் தெரியும். மக்கள் குடியிருக்கும் இடம், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர், பல சிறு உணவுக் கடைகள் சேர்ந்த இடம்) எப்படிச் சாப்பிடுவது?

முதலில் இடம், பிறகு சாப்பாடு. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். இருவராக வருவதில் இங்கே பெரிய வசதி: ஒருவர் உட்காரலாம், மற்றவர் வரிசையில் நிற்கலாம். டிஷ்யூ கடைகளில் தர மாட்டார்கள், நீங்களே வைத்திருங்கள்.

இருவருக்கும் ஒரே கடையில் வாங்காதீர்கள். ஆளுக்கொரு கடையில் ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்தால் ஒரு வேளையில் இரண்டு வகை ருசி. மேக்ஸ்வெல், சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், தேக்கா, சாங்கி வில்லேஜ் நான்கும் நல்ல இடங்கள். பெரும்பாலும் ஒரு தட்டு நான்கு முதல் ஏழு வெள்ளி. திங்கள், செவ்வாயில் பல கடைக்காரர்கள் விடுப்பு எடுப்பார்கள். பேர்போன கடையைத் தேடிப் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லறையாகப் பத்து வெள்ளி கையில் இருக்கட்டும், வெளிநாட்டு அட்டை எல்லாக் கடையிலும் எடுபடாது.

தேநீர், கோப்பி விற்கும் தண்ணீர்க் கடையில் கேட்கும் முறை: ‘தே’ என்றால் டின்பால் தேநீர். ‘தே ஓ’ பால் இல்லாமல் சீனியோடு. ‘தே சி’ சீனி சேர்த்த, திக்காக வற்றிய பால் தேநீர். ‘கோசோங்’ சேர்த்தால் சீனி வேண்டாம், ‘சியு தாய்’ சேர்த்தால் இனிப்புக் குறைவு, ‘பெங்’ சேர்த்தால் ஐஸ். கோப்பிக்கும் இதே. ஊர் டிகிரி காபியை நினைத்துக்கொண்டு வெறும் ‘கோப்பி’ என்று கேட்டால் டின்பால் இனிப்புத் தொண்டையை அடைக்கும். ‘கோப்பி சி சியு தாய்’ என்று கேட்டால் ஓரளவு நம் ருசிக்கு வரும். தேக்காவில் ‘அண்ணே’, ‘அக்கா’ என்றே பேசலாம். வயதான சீனக் கடைக்காரரை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைத்தால் முகம் மலர்வார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துத் தாங்கியில் வைக்க வேண்டும். 2021இலிருந்து இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தாங்கி தனி. பச்சை அடையாளம் பார்த்து மாற்றாமல் வையுங்கள், அது மற்றவர் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை.

முழுச் சைவம். தேக்காவுக்கு வெளியே என்ன செய்வது?

சீனச் சைவக் கடைகள் ஊரெங்கும் உண்டு. ஆனால் ‘மாமிசம் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறும் காய்ந்த இறாலும் சிப்பிச் சாறும் காய்கறிப் பொரியலில்கூட இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். பராட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவது பல கடைகளில் மீன் கறி. ‘பருப்பு மட்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் போன்ற கடைகளில் இந்தக் கவலையே இல்லை. வெயில் நேரத்துக்குத் தயிர்ச்சாதம் கட்டி வாங்கிக்கொண்டும் கிளம்பலாம். ரயிலுக்குள் மட்டும் பிரிக்கக் கூடாது.

தமிழர் வரலாற்றைப் பார்க்க ஒரு காலை ஒதுக்கலாமா?

கட்டாயம் ஒதுக்குங்கள். பலர் தேக்காவை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். பழைய தடயம் சைனாடவுனில் இருக்கிறது.

காலை 8 மணிக்கு சௌத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், 1827இல் தொடங்கியது. 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளம் அமைத்த ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை எழுப்பியது. தீபாவளிக்கு முன்பு இங்கேதான் தீமிதி நடக்கும். சில அடி நடந்தால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல், வெளிர்பச்சை நிறத்தில். அங்கிருந்து பத்து நிமிடத்தில் தெலுக் ஆயர் ஸ்திரீட். அங்கே நாகூர் தர்கா 1830ஆம் ஆண்டளவில் கட்டி முடிந்தது. இப்போது சுற்றிலும் கட்டடங்கள். அன்று அந்தத் தெருவே கடற்கரை. கடல் கடந்து வந்தவர்கள் கால் வைத்ததும் நன்றி சொன்ன இடம் அது. அதே வரிசையில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், அதே நன்றிக்காக. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் இந்த ஊர் எப்படி உருவானது என்பது புரியும்.

வெயில் ஏறியதும் தேக்காவுக்குத் திரும்பி, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போங்கள். 2015இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை. வெளியே வீராசாமி ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பலகைகளைக் கவனியுங்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, இது ஒருகாலத்தில் மாட்டு வணிகம் நடந்த இடம். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் நடுப்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயில், பள்ளிவாசல் எதிலும் அரைக்கால் சட்டையோடு நுழையாதீர்கள். இருவருக்கும் ஒரு வேட்டியும் ஒரு பெரிய துப்பட்டாவும் பையில் இருந்தால் எங்கேயும் சமாளிக்கலாம்.

காடு, கடல், சைக்கிள்?

புலாவ் உபின் தீவு. தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் கடைசி நிறுத்தம். படகுத்துறையில் முன்பதிவு கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்குச் சில வெள்ளி, ரொக்கம் மட்டும். வார நாளில் 12 பேர் சேர நேரமாகும், அவசரமென்றால் காலி இடத்துக்கும் சேர்த்து இருக்கிறவர்கள் பகிர்ந்து கட்டலாம். சனி, ஞாயிறு காலை காத்திருப்பே இருக்காது, ஆனால் நல்ல சைக்கிள்கள் 10 மணிக்குள் போய்விடும்.

சைக்கிள் எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, சங்கிலி தாவாமல் கியர் மாறுகிறதா, இருக்கை இறுக்கமாக நிற்கிறதா. செக் ஜாவா போகும் வழியில் சரளை மண் இறக்கம் உண்டு, அங்கே முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் குப்புற விழுவீர்கள். செக் ஜாவா ஈரநிலத்துக்குள் சைக்கிள் கூடாது, வாசலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடாதீர்கள். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தச் சலசலப்புத்தான் சாப்பாட்டு மணி. மாலை 5 மணிக்குள் திரும்பிவிடுங்கள், இருட்டினால் படகுக்கு ஆள் சேர்வது கடினம்.

அரைநாள்தான் இருக்கிறது என்றால் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து மாராங் பாதை வழியாக ஃபேபர் மலை ஏறி, ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை. சாலைக்கு 36 மீட்டர் மேலே, 274 மீட்டர் நீளத்தில் அலைபோல் வளைந்த மரப்பாலம். காலை 7.30க்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், போத்தல் வாங்க வேண்டியதில்லை.

செந்தோசா தீவுக்குள் போகக் கட்டணம் எவ்வளவு?

விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாதையில் நடந்தால் ஒன்றுமில்லை. உள்ளே பேருந்தும் கடற்கரை வண்டியும் இலவசம், சிலோசோ கோட்டையும் அதற்குப் போகும் மரவுச்சி நடைபாலமும் இலவசம். கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாதவர்களுக்கு மாலை 4 முதல் 7 வரை போதும்.

மழை வந்தால்?

நவம்பர் முதல் சனவரி வரை அதிகம் பெய்யும், மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழை உண்டு. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். திட்டத்தைக் கைவிடாமல் பக்கத்து அஞ்சடியில் ஒதுங்குங்கள். இடி இடிக்கும்போது மலைப்பாதை, திறந்த புல்வெளி, கடல் மூன்றும் கூடாது. இங்கே மின்னல் அடிக்கடி விழும்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் மலிவாகத் தங்கித் தினமும் வந்து போகலாமா?

வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு குடிநுழைவுச் சாவடி, ஒவ்வொரு நுழைவுக்கும் புதிய வருகை அட்டை. காலையிலும் வெள்ளி மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போகலாம். அறையில் மிச்சமாகும் பணத்துக்கு உங்கள் காலை நேரத்தை, அதாவது வெயில் இல்லாத நல்ல நேரத்தை, விலையாகக் கொடுப்பீர்கள்.

பயணத்தின் கடைசியில் மலேசியா போகிறவர்கள் பூகிஸ் அருகே குவீன் ஸ்திரீட்டிலிருந்து பேருந்து ஏறலாம். உட்லண்ட்ஸ் சாவடியில் எல்லாரும் இறங்க வேண்டும், பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. பையைப் பேருந்திலேயே விட்டுவிடாதீர்கள். சீட்டு வாங்கியிருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்; அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் அதைக் காட்டி ஏறலாம். மலேசிய மின்னியல் வருகை அட்டையை முன்பே நிரப்பிவிடுங்கள்.

அபராதங்கள் உண்மையிலேயே விதிப்பார்களா?

விதிப்பார்கள். ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை. தண்ணீரும் அடங்கும். முள்நாறிப் பழம் ரயிலுக்குள் கூடாது. புகைக்க மஞ்சள் பெட்டி வரைந்த இடம் தேடுங்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. தேக்கா வட்டாரத்தில் சனி, ஞாயிறு முழுவதுமே கூடாது.

இருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

அறை 70 முதல் 120 வெள்ளி. காலைப் பசியாற 10, பகல் சாப்பாடு 14, இரவு 18, தண்ணீர்க் கடையில் 6. ரயில், பேருந்து 14. இலவச இடங்களாகப் பார்த்த நாளில் ஏறத்தாழ 130 முதல் 180 வெள்ளியில் முடியும். உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே வரும் என்று பொருள். உணவங்காடியில் அந்தக் கணக்கு இல்லை.

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் பொருள் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம், ஆனால் விமானத்தில் புறப்படுகிறவர்களுக்குத்தான். பேருந்தில் ஜோகூர் போகிறவர்களுக்குக் கிடையாது. வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

எனக்கு அருங்காட்சியகம், அவருக்குக் கடைத்தெரு. பிரிந்து போய்ச் சேரலாமா?

தாராளமாக. தனியாக நடமாடப் பாதுகாப்பான ஊர் இது. சந்திக்கும் இடத்தை நிலையப் பெயரோடு வாயில் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘பூகிஸ், சி வாயில், மேலே’. தோபி காட் போன்ற நிலையத்தில் ஒரு வாயிலுக்கும் இன்னொன்றுக்கும் நடக்கவே பத்து நிமிடம் ஆகும். ‘ஸ்டேஷன்ல நிக்கிறேன்’ என்றால் ஆளுக்கொரு தளத்தில் நிற்பீர்கள். கைபேசி மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது என்றும் முன்பே பேசிவையுங்கள்: சொன்ன நேரத்திலிருந்து அரைமணி அங்கேயே நிற்பது, வராவிட்டால் விடுதிக்குத் திரும்புவது.

கடைசி நாள் அறையைக் காலி செய்த பின் பையை எங்கே வைப்பது?

விடுதியில் கேளுங்கள், பெரும்பாலும் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். கடவுச்சீட்டும் பணமும் மட்டும் உங்களோடு இருக்கட்டும். விமானம் இரவில் என்றால் மூன்று மணி நேரம் கூடுதலாக முன்பே சாங்கிக்குப் போய், ஜுவல் கடைத்தொகுதியில் 40 மீட்டர் உள்ளரங்க அருவியைப் பாருங்கள். கட்டணமில்லை. முதல் முனையத்தோடு அது ஒட்டியே இருக்கிறது. நான்காம் முனையத்தில் விமானம் என்றால் இணைப்புப் பேருந்துக்கு அரைமணி ஒதுக்குங்கள். ஈசி-லிங்க் அட்டையில் மீதி இருந்தால் நிலையத்தின் பயணச்சீட்டு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.